குடையும் கப்பலும்

2020 அக்டோபரில் தனிஷ்க் நகை நிறுவனம் வெளியிட்ட விளம்பரம் நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். முஸ்லிம் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட இந்துப் பெண்ணுக்கு அவளுடைய மாமியார் வளைகாப்பு நடத்துகிறார். இது உங்கள் வீட்டில் இல்லாத வழக்கமாயிற்றே என்று மருமகள் வியக்கிறாள். மகளை மகிழ்வித்தல் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே என்பது மாமியாரின் பதில். எதிர்ப்பு கிளம்பியதும், புண்பட்ட உணர்வுகளையும் ஊழியர்களின் நலனையும் காரணமாகக் கூறி நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நகை விற்பவர்களுக்கு எதற்குச் சமூக அக்கறை என்று சிலர் கேட்டார்கள். கோழைத்தனம் என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்று எனக்குப் படுகிறது. வணிகம் ஒரு நிலைப்பாட்டை எடுக்க முடியுமா, எடுத்தால் அதை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு ஓட்டப்பிடாரத்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் விடை இருக்கிறது.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணச்சீட்டு விற்ற இந்தக் கம்பெனிக்குத் தன் பெயரே விளம்பரம். எதிரில் நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு பயணம் இலவசம், கூடவே ஒரு குடையும் தரப்படும் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். இன்றைய விற்பனை உத்திகள் எல்லாவற்றுக்கும் மூதாதை அந்தக் குடை.

வ.உ.சி. தம் கப்பலோடு நின்றிருக்கலாம். 1908 பிப்ரவரி இறுதியில் வெள்ளையருக்குச் சொந்தமான கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சுப்பிரமணிய சிவாவுடன் சேர்ந்து அவர்கள் பக்கம் நின்றார். அதனால் அவருடைய கம்பெனிக்கு ஒரு பயணிகூட அதிகமாகக் கிடைத்திருக்க முடியாது. மார்ச் 12ஆம் தேதி கைதானார். விதிக்கப்பட்ட தீவாந்திர தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, 1912 இறுதியில் விடுதலையானபோது கம்பெனி இல்லை. அது 1911இலேயே கலைக்கப்பட்டுவிட்டது.

எல்லா நிறுவனங்களும் சிறைக்குப் போக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நிலைப்பாடு என்று ஒன்றைச் சொன்னால், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்கிறேன். சொன்ன சொல் அந்த நிறுவனத்தின் சொந்தச் சுவர்களுக்குள் செல்லுபடியாகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்விக்கும் தூத்துக்குடியே சான்று. 2012இல் ஸ்டெர்லைட் ஆலையின் உரிமையாளரான வேதாந்தா, மகிழ்ச்சியை உருவாக்குகிறோம் என்ற பொருளில் பெரிய விளம்பர இயக்கம் ஒன்றை நடத்தியது. குறும்படப் போட்டியும் வைத்தது. மறு ஆண்டு சுற்றுச்சூழலுக்கு விளைவித்த கேட்டுக்காக அந்த ஆலை நூறு கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலை மூடப்பட்டது, அதைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த விளம்பரம் பேசிய மகிழ்ச்சியை ஆலையின் அக்கம்பக்கத்தில் எங்கே தேடுவது?

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் தனிஷ்க் விளம்பரம் பொய் சொல்லவில்லை. அது சொன்னது நல்ல சொல்தான். அந்தச் சொல்லுக்கு விலை கேட்கப்பட்டபோது நிறுவனம் பின்வாங்கியது. கடை ஊழியரின் பாதுகாப்பு அற்பக் காரணமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அன்று எதிர்த்தவர்களின் குரல் மட்டும்தானே கடை வாசல்வரை கேட்டது? அந்த வளைகாப்பைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள், நான் உட்பட, நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரைச் சூட்டினார்கள். பெயர் வைப்பது சுலபம். அன்று துறையில் ஒரு பக்கம் இலவசக் குடையும் மறுபக்கம் காசு கொடுத்து ஏற வேண்டிய சுதேசிக் கப்பலும் இருந்தபோது நான் எந்த வரிசையில் நின்றிருப்பேன் என்று கேட்டுக்கொள்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.