மலையைக் காத்த மன்றங்கள்

தோழனே!

அரசியல் என்றதும் தலைநகரை நோக்குகிறாய். இன்று உன்னை ஒரு மலையடிவாரத்துக்கு அழைக்கிறேன், வா!

ஒடிசாவின் நியம்கிரி மலை. டோங்ரியா கோந்துப் பழங்குடியினருக்கு அது தெய்வம். அங்கே பிறக்கும் ஓடைகளே அவர்தம் உயிர்நாடி. உச்சியில் உறங்கும் பாக்சைட்டை வெட்டியெடுக்க விழைந்தது பெருமுதலாளித்துவம். மாநில அரசும் அதன் பக்கம்!

2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உரைத்தது: அம்மக்களின் வழிபாட்டுரிமை பறிபோகுமா என்பதைக் கிராம சபைகளே ஆராயட்டும் என்று. 12 சிற்றூர்களில், மாவட்ட நீதிபதிகளின் மேற்பார்வையில், சபைகள் கூடின. பன்னிரண்டும் பகர்ந்த விடை ஒன்றே: வேண்டாம் சுரங்கம்! 2014 சனவரியில் மத்திய அரசு அனுமதி மறுத்தது.

படை திரட்டினரா? இல்லை. பணம் இறைத்தனரா? இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் துணை நின்றது, உண்மைதான். ஆனால் சட்டம் ஊமை, தோழனே! அதற்கு நா கொடுத்தவர்கள் அந்த ஏழைகள்.

உன் ஊரிலும் கிராம சபை உண்டு. ஏரி பறிபோகிறதென்று தேநீர்க் கடையிலே குமுறும் நீ, அச்சபையிலே எழுந்து பேசியதுண்டா? வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுத் திரும்பினாய். தீர்மானத்தை வேறெவரோ எழுதினர். பிறகு கோட்டையைச் சாடி என்ன பயன்?

அடுத்த சபையில் முன்வரிசையில் அமர். ஏரி எங்களுடையது என்று எழுந்து சொல். சொன்னதைத் தீர்மானமாக எழுதும்வரை, எழுந்த நீ உட்காராதே!