சிறைக்குக் கிடைத்த காப்பு காட்டுக்கு இல்லையா?

புது தில்லி: அந்தமான் நிக்கோபார் தீவுகள் தொடர்பாக 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த இரு முடிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது. அக்டோபரில், தெற்கு அந்தமானின் ஹாரியட் மலைக்கு "மணிப்பூர் மலை" எனப் பெயரிடுவதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். 1891-ல் ஆங்கிலேயருடன் நடந்த போரில் தோற்று நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங்கும் அவரைச் சார்ந்தோரும் சிறை வைக்கப்பட்டிருந்த இடம் அது. இன்று அது தேசியப் பூங்கா.

அதே ஆண்டு ஜனவரியில், கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா வளைகுடா, வனவிலங்கு சரணாலயம் என்ற தகுதியை இழந்தது. அங்கு சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைப்பதே நோக்கம். பெயர் மாற்றம் நாடெங்கும் பேசப்பட்டது. சரணாலயம் நீங்கியதைக் கவனித்தவர்கள் சிலரே.

சிறைத் தீவின் கதை: 1857 கிளர்ச்சியில் பிடிபட்டோரை அடைக்க 1858-ல் அந்தமானில் தொடங்கிய கைதிகள் குடியேற்றம் 1945-ல்தான் கலைக்கப்பட்டது. நிக்கோபாரின் நான்கவுரியிலும் 1869 முதல் 1888 வரை கைதிகள் வைக்கப்பட்டிருந்தனர். கைதிகளைக் கொண்டே காடு வெட்டப்பட்டபோதிலும், தீவுகளின் பெரும் பகுதி தப்பியது. பழங்குடியினரைக் காக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் பின்னர் அரணாயின. இன்றும் தீவுகளின் நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காடாகவே உள்ளது.

அந்த அரண் எவ்வளவு உறுதியானது என்பதே இப்போதைய கேள்வி. சரணாலயத்தின் எல்லையை மாற்ற தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை தேவை. பிரதமர் தலைமையிலான முழு வாரியம் 2014 முதல் 2025 மார்ச் வரை ஒருமுறைகூடக் கூடவில்லை. கலாத்தியா பற்றி முடிவெடுத்தது அதன் நிலைக்குழு. தோல்முதுகு கடலாமைகள் முட்டையிடும் முக்கியக் கடற்கரை அது. அடுத்த சில வாரங்களில் சுற்றுச்சூழல் அமைச்சகமே வெளியிட்ட கடலாமைப் பாதுகாப்புச் செயல்திட்டம், கலாத்தியாவை முக்கிய வாழிடங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் அடங்கிய 166 சதுர கி.மீ. திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. இதில் சுமார் 130 சதுர கி.மீ. காடு. சுமார் 9.64 லட்சம் மரங்கள் வெட்டப்படக்கூடும் என நாடாளுமன்றத்தில் அரசு கூறியது. இதற்கு ஈடாக ஹரியாணாவில் மரம் வளர்க்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. மழைக்காட்டுக்கு அது எப்படி ஈடாகும் என்பதற்குத் தெளிவான விளக்கம் இல்லை.

அரசின் வாதம்: மலாக்கா நீரிணைக்கு அருகில் உள்ள இத்தீவு, பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் இன்றியமையாதது, இந்தியச் சரக்குகள் கொழும்பு, சிங்கப்பூர் துறைமுகங்களை நம்பியிருக்கும் நிலை மாற வேண்டும் என்கிறது அரசு. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆமைகளுக்காக லிட்டில் நிக்கோபாரில் 2022-ல் புதிய சரணாலயம் அறிவிக்கப்பட்டதையும் அரசு சுட்டிக்காட்டுகிறது. ஆனால், அறிவிக்கையால் உருவாகும் சரணாலயத்தை மற்றோர் அறிவிக்கையால் நீக்க முடியும் என்றால், புதியதற்கு மட்டும் என்ன உத்தரவாதம்?

செல்லுலார் சிறைக்கும் இந்நிலை நேர்ந்ததுண்டு. சுதந்திரத்துக்குப் பின்னரும் அதன் இரு பிரிவுகள் இடிக்கப்பட்டன. அங்கு அடைபட்டிருந்த அரசியல் கைதிகள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே எஞ்சிய மூன்று பிரிவுகளும் காக்கப்பட்டு, 1979-ல் தேசிய நினைவகமாயின. அந்த இடத்தோடு வாழ்க்கை பிணைந்தவர்களின் குரலுக்கு தில்லி அன்று செவிசாய்த்தது.

கிரேட் நிக்கோபாரில் அத்தகைய குரல் பழங்குடியினர் மன்றத்தினுடையது. திட்டத்துக்கு அளித்த ஒப்புதலை 2022 நவம்பரிலேயே அது திரும்பப் பெற்றுவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி 229 பேரே உள்ள ஷோம்பென் மக்களுக்கு, மன்றத்தில் பேசவும் ஆளில்லை. சரணாலயத் தகுதியை நீக்கும் முடிவு முழு வாரியத்தின் விவாதத்துக்கும், அங்கு வாழ்வோரின் சம்மதத்துக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இச்சட்டத்தின் காப்பு, அடுத்த திட்டம் வரும் வரைக்குமானதாகவே இருக்கும்.