கேட்கப்படாத கேள்விகள்

2020 மார்ச்சில் நாடு முடங்கியபோது, புதிதாக வேலையில் சேர்ந்த பலருக்கு மடிக்கணினி கூரியரில் வீடு வந்து சேர்ந்தது. அலுவலக வாசலை மிதிக்காமலே ஊழியரானார்கள். பெருந்தொற்று ஓய்ந்த பின்னும் சில நிறுவனங்களில் இம்முறை நீடிக்கிறது. அலைச்சல் இல்லை, வாடகை மிச்சம், மறுக்கவில்லை. பழகியவருக்கு அது வரம்தான். புதியவருக்கு?

எந்த மேலாளர் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று பொருள் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுந்தே அது பிடிபடும். ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் வெளியிட்ட நூலில் லைபீரியத் தையற்காரர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே தொழில் பயில வந்தவர் முதலில் பொத்தான் தைக்கிறார். துணி வெட்டுவதெல்லாம் பிற்பாடுதான். ஓரத்தில் அமர்ந்து பார்த்தபடியே உள்ளே வருகிறார்.

வீட்டில் அந்த ஓரம் இல்லை. அருகிருந்தால் அரை நிமிடத்தில் முடியும் ஐயம், இங்கே தட்டச்சாகிறது, அழிக்கப்படுகிறது, 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என்ற அச்சத்தில் கேட்கப்படாமலே போகிறது. அந்த மௌனமோ திறமைக்குறைவாகக் கணக்கில் ஏறுகிறது.

'தயங்காமல் கேளுங்கள்' என்ற அறிவுரை (எல்லா வரவேற்பு மடலிலும் தவறாமல் இருக்கிறது!) நமக்கு உடன்பாடன்று. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் தயங்கத்தான் செய்வார். முதல் இரு மாதங்களுக்கேனும் மூத்தவர் ஒருவரைத் துணையாக அமர்த்தி, அவருடைய வேலைச்சுமையையும் அதற்கேற்பக் குறைப்பது நிறுவனத்தின் கடமை என்றே கருதுகிறோம். சுமையைக் குறைக்காமல் பெயரை மட்டும் அறிவித்தால், அவரும் அழைப்பை எடுக்கமாட்டார்.