ஒரு போட்டோவுக்காகப் பறவையை எழுப்பலாமா? கரைவெட்டி முதல் கொல்லைப்புறம் வரை பனிக்கால விருந்தாளிகள்!

மார்கழி பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஏரிக்கரைகளுக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று, வடக்கே குளிர் ஏறியதும் தெற்கே கிளம்பி வந்த பறவைகள். இன்னொன்று, அவற்றைப் பார்க்கவும் படம் பிடிக்கவும் வரும் மனிதர்கள். ஒரு காலத்தில் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்தான் பறவைப் படம் எடுக்க முடியும். இப்போது பள்ளிக்கூடப் பையன் முதல் களையெடுக்கப் போகும் அக்கா வரை எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. சந்தோஷமான மாற்றம்தான். ஆனால், நாம் எடுக்கும் ஒரு படத்துக்குப் பறவை என்ன விலை கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் இன்னும் நல்லது.

இமயத்தைத் தாண்டி வரும் வாத்து

அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கரைவெட்டி ஏரிதான் இந்தப் பகுதியில் பறவை பார்ப்பவர்களின் முதல் முகவரி. பரப்பளவு சுமார் 454 ஹெக்டேர். 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரி கடைசியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான 'ராம்சர்' பட்டியலிலும் இடம்பிடித்தது. இங்கே சுமார் 198 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன.

அடிப்படையில் இது பாசன ஏரி. மேட்டூரில் திறக்கும் காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. மீதியை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். சுற்றியுள்ள ஊர்களில் நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் விளைவதும் இந்தத் தண்ணீரை நம்பித்தான். அதாவது, விவசாயியும் பறவையும் ஒரே ஏரியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் என்று பல வாத்துகள் வந்தாலும், கரைவெட்டியின் நட்சத்திரம் வரித்தலை வாத்துதான். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். மங்கோலியா, திபெத், லடாக் பகுதிகளின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பறவை இது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி இந்தியச் சமவெளிகளுக்கு இறங்கி வருகிறது. உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, சில வாத்துகள் 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது தெரியவந்தது. அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் நம்மூரில் கிடைப்பதில் பாதிகூட இருக்காது.

கூட்டம் எழும்பினால் என்ன ஆகும்?

ஏரியின் நடுவே வாத்துக் கூட்டம் சும்மா மிதந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். 'எழும்பிப் பறந்தால் போட்டோ சூப்பரா இருக்குமே' என்று யாராவது கை தட்டுவார்கள், கல்லெறிவார்கள். நூற்றுக்கணக்கான இறக்கைகள் ஒரே நேரத்தில் வானத்தில் விரியும். படமும் கிடைத்துவிடும்.

ஆனால், பறவைகள் சும்மா மிதக்கவில்லை. இரவிலும் அதிகாலையிலும் புல்லும் தானியமும் மேய்ந்துவிட்டு, பகலில் ஏரியில் ஓய்வெடுக்கின்றன. ஓய்வும் இரையும் சரியாகக் கிடைத்தால்தான் உடலில் கொழுப்பு சேரும். மாசி, பங்குனியில் திரும்பிப் போகும்போது அந்தக் கொழுப்புதான் எரிபொருள். ஒரு பறவையின் அன்றாட வேலைகளில் அதிகச் சக்தியைக் குடிப்பது பறப்பதுதான். குறிப்பாக, கனத்த உடம்போடு தண்ணீரிலிருந்து எழும்பும் அந்தச் சில நொடிகள். நாம் ஒருமுறை எழுப்பினால் பெரிய நஷ்டம் இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை முதல் மாலை வரை பத்துக் குழுவினர் வந்து பத்து முறை எழுப்பினால்? சேமிப்பை நாமே கரைத்துவிட்டு, 'போய் இமயமலையைத் தாண்டு' என்று அனுப்புவது போலத்தான்.

கொல்லைப்புறத்துக்கும் வருவார்கள்

கரைவெட்டிக்குப் போக முடியவில்லையா? கவலை வேண்டாம். வீட்டு வாசலிலேயே பனிக்கால விருந்தாளிகள் உண்டு.

மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், வால் இரண்டாகப் பிளந்த சின்னப் பறவை தகைவிலான். வேலியில் உட்கார்ந்து 'கர்ர்ர்' என்று கத்தும் பழுப்புக் கீச்சான், பெரும்பாலும் போன வருடம் வந்த அதே இடத்துக்கே திரும்பி வரும். வெற்றிலைக் கொடிக்கால், மாந்தோப்பு போன்ற நிழலான இடங்களில் கொடிக்கால் வாலாட்டியைத் தேடலாம். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். சோளக்கதிர் முற்றும் நேரத்தில் கூட்டமாக வந்து இறங்கும் இளஞ்சிவப்பு உடம்புக்காரரை, சூறைக்குருவி, சோளக்குருவி என்று விவசாயிகள் நன்றாகவே அறிவார்கள். கதிரைக் கொத்துவதால் திட்டு வாங்கினாலும், வெட்டுக்கிளிகளையும் நிறையவே தின்னும்.

இவர்களில் தனிக்கவனம் கேட்பது ஆறுமணிக் குருவி. பச்சை, நீலம், சிவப்பு என்று பல வண்ணங்களில் மின்னும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். செப்டம்பர், அக்டோபரில் இரவுப் பயணமாக வரும்போது களைத்துப் போய், கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவதும் வீட்டுக்குள் நுழைந்துவிடுவதும் உண்டு. அப்போது எல்லோரும் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுக்கக் கூடாது. காற்றுத் துளைகள் போட்ட அட்டைப் பெட்டியில் மெதுவாக வைத்து, பூனை அண்டாத அமைதியான இடத்தில் விட வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்தால் போதும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

மானாவாரி நிலத்துக்கு மேலே...

பெரம்பலூர் என்றால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இது போன்ற திறந்தவெளி நிலங்களில், தரைக்குச் சற்று மேலே சிறகை 'வி' வடிவில் விரித்தபடி மெதுவாக மிதக்கும் பறவையைப் பார்த்தால், அது பூனைப்பருந்தாக இருக்கலாம். மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து வருபவை இவை. வெட்டுக்கிளி, எலி, சிறு பறவைகள்தான் இரை. மற்ற பருந்துகள் மரத்தில் அடையும். பூனைப்பருந்து இனங்களில் பெரும்பாலானவை புல்தரையில்தான் இரவில் படுக்கும். தரிசு நிலத்துக்குத் தீ வைத்தாலோ, பைக்கை ஓட்டிக்கொண்டு போனாலோ அவற்றின் படுக்கை காலி. கரைவெட்டிக்குச் சரணாலயம் என்ற பாதுகாப்பு இருக்கிறது. இந்தத் தரிசுகளுக்கு அப்படி எதுவும் கிடையாது.

படம் எடுப்பவர்கள் கவனத்துக்கு

* காலை ஆறு முதல் ஒன்பது மணி வரைதான் நல்ல நேரம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.
* பளிச்சென்ற உடை வேண்டாம். மரத்தை ஒட்டி அசையாமல் நின்றால், பறவையே பக்கத்தில் வரும்.
* போனில் ஜூம் செய்தால் படம் உடையும். பைனாகுலரின் கண் வைக்கும் துளையில் போன் கேமராவைப் பொருத்திப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரே போதும்.
* மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டிப் பார்த்தால், அது உங்களைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள். விலகி நடக்கத் தொடங்கினால், இரண்டடி பின்வாங்குங்கள்.
* போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது வேண்டாம். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது அலைக்கழியும்.
* சரணாலயத்தில் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

கேலரியில் தூங்கும் தகவல்

எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதையே தேதி, இடம், எத்தனை பறவை என்ற விவரங்களோடு 'இ-பேர்ட்' தளத்தில் பதிவேற்றினால், எந்தப் பறவை எங்கே குறைகிறது, எந்த ஊரில் எப்போது வருகிறது என்று ஆராய்பவர்களுக்கு அது ஆதாரம். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அடையாளம் தெரிந்தால் போதும். பெயர் தெரியாவிட்டால் 'மெர்லின்' ஆப் இலவசமாக உதவும். கூடு இருக்கும் இடத்தையும், பூனைப்பருந்துகள் இரவில் அடையும் இடத்தையும் மட்டும் சமூக வலைதளத்தில் போட்டுவிடாதீர்கள். அடுத்த நாளே கூட்டம் கூடிவிடும்.

தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். இதில் கலந்துகொள்ளக் கேமராகூட வேண்டாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை எல்லாம் எழுதிப் பதிவேற்ற வேண்டும், அவ்வளவுதான். பிரபலமான ஏரிகளுக்குக் கணக்கெடுக்க ஆட்கள் போய்விடுவார்கள். உங்கள் ஊர்த் தரிசையும், கொல்லைப்புற முருங்கை மரத்தையும் நீங்கள்தான் எண்ண வேண்டும்.

இந்தப் பொங்கலுக்குப் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். பாட்டிக்குக் குருவியின் ஊர்ப்பெயர் தெரியும், பேரனுக்கு ஆப் தெரியும். 15 நிமிடத்தில் பட்டியல் தயாராகிவிடும்!