வீட்டுத்தோட்டம்: குருத்தைக் காப்போம்

சவூதி அரேபியாவின் ஜுபைல், முன்னர் மீன்பிடியும் முத்துக்குளிப்பும் நிகழ்ந்த சிற்றூர். 1975இல் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்ட பின்னர் அது பெருங் கைத்தொழில் நகராயிற்று. வளைகுடா நகர்களின் வீதியோரப் பேரீச்சைகளும் வாஷிங்டோனியாப் பனைகளும் அங்கு உழைக்கும் நம்மவருக்கு ஊர்ப் பனந்தோப்பை நினைவூட்டுவன. முற்றத்தில் ஒன்றை நாட்ட விழைவோர் முதலில் குளிரை எண்ணிப் பார்த்தல் நன்று.

கடல் அருகிருப்பதால் ஜுபைற் கரையில் உறைபனி மிக அரிது. உள்நாட்டுப் பாலையில் அவ்வாறன்று. முகிலும் காற்றுமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. விடியுமுன் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடுவதுண்டு. 2008 ஜனவரியில் பக்தாத்திலேயே பனி பொழிந்தது.

தென்னையும் கமுகும் அத்தகைய இரவைத் தாங்கா. பேரீச்சை பூச்சியத்துக்குக் கீழ் 5 பாகை வரை பொறுக்கும், உவர்நீரையும் பொறுக்கும். மத்தியதரைக் கடற்பகுதியின் குள்ள விசிறிப்பனை இன்னும் உறுதியானது. ஐரோப்பாவில் வாழும் வாசகர்கள் சீனத்து ட்ராக்கிகார்ப்பஸ் விசிறிப்பனையை நாட்டலாம். நமது பனையோ முளைத்தவுடன் கிழங்கை ஆழ இறக்குவது. சாடியில் வளர்த்துப் பெயர்த்து நடுதல் கடினம்.

மாமரம் கருகினால் பக்கக் கிளை தளிர்க்கும். ஒற்றைத் தண்டுடைய பனையினத்துக்கோ உயிர்நிலை ஒரே குருத்துத்தான். அது அழுகினால் மரம் மீளாது. ஆகவே மாரிக்கு முன் பச்சை ஓலைகளை அழகுக்காக வெட்டாதீர்கள். அவையே குருத்தின் போர்வை. வெட்டுக்காயத்தின் மணம் சிவப்புக் கூன்வண்டையும் அழைக்கும். தெற்காசியாவுக்குரிய இவ்வண்டு 1980களில் வளைகுடாவை அடைந்து பேரீச்சைத் தோட்டங்களை அழித்து வருகிறது.

குளிர் மிகும் என்று அறிவித்தால் பகலிலேயே அடிமண்ணை நனையுங்கள்; ஈரமண் வெப்பத்தைச் சேமிக்கும். இளங்கன்றின் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டிச் சாக்கினால் மூடுங்கள். வெயில் ஏறியதும் சாக்கை அகற்றுங்கள். குருத்துக்குள் நீர் ஊற்றலாகாது.

ஓலை கருகிவிட்டதென்று மரத்தை உடனே தறித்துவிட வேண்டாம். நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வராது உறுதியாக நின்றால் உயிர் இருக்கக்கூடும். கழன்று வந்தாலும் அடிப்பகுதி அழுகாதிருப்பின், செப்புச் சேர்ந்த பூஞ்சணக்கொல்லியைத் தெளித்துக் கோடை வரை பொறுத்திருங்கள். பல ஆண்டுகள் வளர்ந்த மரத்துக்குச் சில மாதப் பொறுமை பெரிதன்று.