யார் தேவையை யார் எழுதுவது?

வங்கிக்குப் புது மென்பொருள் வருகிறது, ஊழியர் தரப்பிலிருந்து ஒரு ஆள் வேண்டும் என்று என்னை ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சிக்குப் பெயர் 'ரெக்கொயர்மென்ட்' சேகரிப்பது. ஒரு சிஸ்டத்தை எழுதுவதற்கு முன்னால், அது என்னென்ன செய்ய வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, எழுதி, படம் போட்டு, புரோகிராம் எழுதுகிறவரிடம் கொடுக்கிற வேலை. செய்கிறவர் 'பிசினஸ் அனலிஸ்ட்'. ஏ.சி. ரூம், டீ, பிஸ்கட், பளபளப்பான புத்தகம். கவுன்டரில் வாங்குகிற ஏச்சிலிருந்து ஐந்து நாள் தப்பித்தோம் என்று நானும் சந்தோஷமாகத்தான் போனேன்.

மென்பொருளில் சாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இரண்டாம் நாள் வரைக்கும் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் போர்டில் நாலு கட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் அக்கறை. இரண்டும் உள்ளவரை நெருக்கமாகக் கவனி. அதிகாரம் மட்டும் உள்ளவரைத் திருப்திப்படுத்தி வை. அக்கறை மட்டும் உள்ளவருக்குத் தகவல் சொல். இரண்டும் இல்லாதவர்மேல் ஒரு கண் வைத்திரு, போதும். உலகம் முழுக்க இந்தத் தொழிலுக்குச் சொல்லித்தருகிற கட்டம்தான் இது. தோழர்களே, இதில் நம் சேரி எந்தக் கட்டத்தில் இருக்கிறது? தகவல் மட்டும் சொல்லப்படுகிற கட்டத்தில். ஊருக்குத் தகவல் சொல்லத் தண்டோரா போட்டவர்களே நாம்தான். அதை நிறுத்தச் சொல்லி அரசு எழுதுவதற்கே 2022 ஆயிற்று. ஆனால் என்ன தகவல் என்பதை முடிவு பண்ணுகிற இடத்தில் நாம் என்றைக்கு இருந்தோம்?

அடுத்து, கிளையில் யார் யாரைக் கேட்க வேண்டும் என்று பட்டியல் போடச் சொன்னார்கள். மேனேஜர், ஆபீசர், கேஷியர், வாடிக்கையாளர் என்று எழுதினார்கள். எங்கள் கிளையில் பெருக்குகிற அக்காவையும் சேர்க்கச் சொன்னேன். முக்கால் சம்பளத்துப் பகுதிநேர ஊழியர். காலனியிலிருந்து வருகிற பெண்கள் ஆபீசரிடம் பேசப் பயந்து அவரிடம்தான் கேட்பார்கள், "பணம் ஏறிடுச்சா? ஏன் திருப்பி அனுப்பிட்டாங்க?" என்று. எந்தப் பாரத்தில் எந்த இடத்தில் ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று மேனேஜரைவிட அவருக்குத்தான் தெரியும். வகுப்பு சிரித்தது. "அவங்க சிஸ்டத்தைத் தொடமாட்டாங்களே சார், அவுட் ஆஃப் ஸ்கோப்" என்றார் பயிற்சியாளர். தொடக்கூடாதவர், எல்லைக்கு வெளியே உள்ளவர். இந்த வார்த்தைகளை நாம் முதல் தடவையாகவா கேட்கிறோம்?

மூன்றாம் நாள் படம். ஒரு பெட்டி, அதற்கு வெளியே குச்சி குச்சியாய் மனிதன். அவனுக்கு 'ஆக்டர்' என்று பெயர். அந்தக் குச்சி மனிதனுக்கு ஊர் கிடையாது, தெரு கிடையாது, வயிறு கிடையாது. அவன் வருவான், விரல் வைப்பான், பணம் வாங்குவான், போவான். எல்லாம் ஒழுங்காக நடக்கிற இதற்கு 'ஹேப்பி பாத்', சந்தோஷப் பாதை என்று பெயர். நடக்காமல் போனால் அது 'எக்ஸெப்ஷன்', விதிவிலக்கு. கடைசியில் நேரமிருந்தால் எழுதுவார்கள்.

நாற்று நட்டு, செங்கல் சுமந்து, பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்த விரல் விதிவிலக்கு. 'சர்நேம்' கட்டாயம் என்கிற கட்டத்தில் எழுத எதுவும் இல்லாதவர் விதிவிலக்கு. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட மண் இது. இங்கே வந்து வாலைக் கேட்கிறது மென்பொருள். நாங்கள் ஒரு புள்ளி வைத்துத் தள்ளிவிடுகிறோம். பிறகு ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பிப் போகிறது.

சின்ன விஷயம் என்பீர்கள். 2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செத்துப்போனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. சோறு கேட்டே செத்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. அட்டை ரத்தானதை மட்டும் யாராலும் மறுக்க முடியவில்லை. இணைக்காத அட்டையை என்ன செய்வது என்று முடிவு பண்ணியபோது, அந்தத் தாயிடம் யார் கேட்டார்கள்?

'தேவை' என்பது தரையில் கிடக்கிற புளியங்காய் அல்ல, பொறுக்கிக்கொண்டு வர. யாரைக் கேட்கிறாய், யார் கேட்கிறாய், எங்கே உட்கார வைத்துக் கேட்கிறாய் என்பதில்தான் அது உருவாகிறது. நம் தேவையை நம்மவரே சொல்ல வேண்டும், இன்னொருவர் நமக்காகப் பேச முடியாது என்று 1919-இல் சவுத்பரோ குழு முன்னால் வாதாடினார் அம்பேத்கர். 1930-இல் அவரும் ரெட்டமலை சீனிவாசனும் வட்டமேஜைக்குப் போனதும் அதற்காகத்தான். வாக்குரிமையில் பேசிய அந்த நியாயத்தைக் கணிப்பொறியில் பேசக்கூடாதா?

எல்லாரையும் கேட்டால் வேலை முடியுமா என்கிறார்கள். முடிந்திருக்கிறது. நான்காம் நாள் 'ஆப்ஜெக்ட்', 'கிளாஸ்' என்று சொல்லித்தந்தார்களே, அதற்கு மூலமான சிமுலா மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் நார்வேயின் கிறிஸ்டன் நைகார்ட். அவர் 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். கணிப்பொறி வந்தால் எங்கள் வேலை என்னாகும், எங்களுக்கு என்ன வேண்டும் என்று தொழிலாளிகளே படித்து, விவாதித்து, எழுதினார்கள். 1975-இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் இதற்கு ஒப்பந்தமே போட்டன. இது ஐந்து நாளில் ஒரு நிமிஷம்கூடப் பேசப்படவில்லை. பேசினால் அந்த நாலு கட்டம் என்னாவது?

நம் பிள்ளைகளில் சிலர் இந்த வேலைக்குப் போகிறார்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை, முட்டி மோதித்தான் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். படம் போடக் கற்றுக்கொள்ளுங்கள், நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். அதிகாரம் இல்லாதவரை முதலில் கேளுங்கள், அவர் தெருவில் போய், அவர் பேச்சில் கேளுங்கள். விதிவிலக்கை முதல் பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளத்துக்குப் பேசுகிறீர்கள், பென்ஷனுக்குப் பேசுகிறீர்கள். அடுத்த மென்பொருளின் தேவைப் பட்டியல் எழுதுகிற மேஜையில் பகுதிநேர ஊழியருக்கும் காலனிப் பெண்களுக்கும் நாற்காலி கேளுங்கள். பயிற்சி முடிந்து கருத்துப் படிவம் கொடுத்தார்கள். நான் இதைத்தான் எழுதினேன். இடம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.