பூவரசம் பூவும் இரண்டு நிமிட மௌனமும்

மே மாதத்தில் ஒரு நாள் பாடசாலை விட்டு வந்த என் பேத்தியின் சட்டையில் சிறிய காகிதக் கொடியொன்று குத்தியிருந்தது. காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் தலைகுனிந்து நின்றார்களாம்.

"ஆருக்காக மகள் நின்றீங்க?" என்று கேட்டேன்.

"தெரியா மூத்தாப்பா. சேர் அசையாம நிக்கச் சொன்னாரு" என்றாள்.

பிள்ளையில் பிழையில்லை. நீண்ட காலம் சரித்திரம் படிப்பித்த நானும் சுற்றுநிருபம் வந்தால் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியவன்தான். ஆகவே இக்கட்டுரையின் முதற் குற்றவாளி நானே. போரில் மாண்ட படைவீரரை நினைவுகூரக் கூடாதென்று நான் வாதாடவில்லை. யாரென்று சொல்லிக்கொடுக்காமல் நிறுத்திவைப்பது நினைவுகூரலாகாது, அது வெறும் அணிவகுப்பு என்பதே என் வாதம்.

இந்தக் கேள்வி இந்நாட்டுக்குப் புதியதுமல்ல. முதலாம் உலகப் போர் முடிந்த நவம்பர் 11ஐ நினைவுகூர, வெள்ளைக்காரர் ஆட்சியில் நமது பாடசாலைப் பிள்ளைகளிடமும் பொப்பிப் பூ விற்றார்கள். சேர்ந்த காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. உள்ளூர் முன்னாள் படைவீரரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் அவர்களுக்காகச் சூரிய மலர் விற்கத் தொடங்கினார். 1933இல் இளைஞர் கழகத்தினர் அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தெடுத்தனர். பிரித்தானிய வீரருக்காக இலங்கைப் பிள்ளைகளைப் பூ வாங்கச் செய்வது அபத்தம் என்று 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் எழுதி, தன் சொந்த இனத்தவரிடமே ஏச்சு வாங்கியவர் டொரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை. சூரிய மலர் என்பது வேறெதுவுமல்ல, நமது வேலியோரத்துப் பூவரசம் பூதான்.

அன்றைய முஸ்லிம் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 1915இல் கலிப்பொலியில் பிரித்தானியா மோதியது துருக்கிக் கலீபாவின் படையோடு. இங்கிருந்து போன தோட்டத்துரைமாரின் ரைபிள் படையினரும் அங்கே நின்றனர். நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பி அணியும் உரிமைக்காக 1905இல் கிளர்ந்தெழுந்த சமூகம் நாம். அந்தச் சமூகத்தின் பிள்ளையிடம் பொப்பியைக் கொடுத்தபோது, இந்தப் போரில் மறுபக்கத்தில் நின்றவர் யாரென்று எந்த ஆசிரியராவது சொல்லியிருப்பாரா?

இன்றைக்கு வருவோம். 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் குண்டு வெடித்த பின்னர் நமது மேடைகளில் தேசபக்தி சற்று உரத்தே ஒலிக்கிறது. 1996இல் முல்லைத்தீவில் உயிர்நீத்துப் 'பரம வீர விபூஷணய' விருது பெற்ற லாபீரின் பெயரை அடிக்கடி உச்சரிக்கிறோம். உச்சரிக்கட்டும், அவர் மாவீரர்தான். ஆனால் எதற்காக உச்சரிக்கிறோம்? "எங்களைச் சந்தேகிக்காதீர்கள்" என்று கெஞ்சுவதற்கு. மௌத்தாகிப்போன மனிதரை நற்சான்றிதழ் ஆக்குவது அவருக்குச் செய்யும் மரியாதையா?

இவ்வளவு பேசும் நாம், நமது ஊர்ப் பொலிஸ் நிலையத்தை ஏன் பேசுவதில்லை? 1990 ஜூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றி வளைத்தனர். சரணடையும்படி மேலிடம் பணித்தது. கல்முனை உட்படப் பல நிலையங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்ட பொலிஸார் 600 பேருக்கு மேல் என்கிறார்கள். அவர்களில் சிங்களவரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். கலிப்பொலியும் முல்லைத்தீவும் வேண்டாம், பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் நடந்த இந்தக் கதையை நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? சரணடையச் சொன்னது யார் என்ற கேள்வி எழுந்துவிடும் என்பதாலா இந்த மௌனம்?

கதை அதோடும் முடியவில்லை. அதே ஜூன் மாதம் இராணுவம் கல்முனையை மீளக் கைப்பற்றியபோது தமிழ் மக்கள் பலர் கொல்லப்பட்டனர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு இதனைப் பதிவு செய்திருக்கிறது. பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளையின் வீட்டில் இயக்கத்துக்குப் போய்த் திரும்பாத மாமன் ஒருவரின் படம் இருக்கலாம். நமக்கோ அது 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்ட இயக்கம். அதை நாம் மறக்கவேண்டியதில்லை, அந்த இயக்கத்தைப் போற்றவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படத்தின் முன்னால் அழும் தாயை அழவேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. 'அவர்களுடைய விஷயம்' என்று நாம் ஒதுங்கினால், நமது ஷுஹதாக்களை 'அவர்களுடைய விஷயம்' என்று மற்றவர்கள் ஒதுக்கும்போது நாம் முறையிட முடியாது.

ஆசிரிய நண்பர்களே! கொடி வந்தால் குத்துங்கள், மௌனம் காக்கச் சொன்னால் காத்துக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் வகுப்பறைக்குள் ஒரு பாடவேளையை ஒதுக்கிப் பிள்ளைகளோடு நான்கு கேள்விகளைப் பேசுங்கள். இறந்தவர் யார்? யாருடைய கட்டளைக்காக இறந்தார்? கொடி விற்ற காசு யாருக்குப் போகிறது? பட்டியலில் விடுபட்டவர் யார்? தொண்ணூறு வருடங்களுக்கு முன்னர் ஆங்கிலேயப் பெண்ணொருத்திக்கு இருந்த துணிவு, ஓய்வூதியமும் இடமாற்றமும் நினைவில் வருகிற நமக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

அன்றிரவு பேத்திக்கு 1990 ஜூனைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவள் கேட்டாள்: "இத ஏன் மூத்தாப்பா ஸ்கூல்ல சொல்லல்ல?"

பதிலை நீங்கள் சொல்லுங்கள்.